மாலா, மாடிகா: செய்தி வாசிப்பும் நம்ம பேரும்

(ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர் 'தொடர்பு சாதனங்களும் தலித்துகளும்' என்று தலைப்புக் கொடுத்தார். அது பெரிய தலைப்பு. அதை ஆய்வு செய்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஆய்வாளன் இல்லை. சிப்காட்டில் லேத் ஓட்டியவன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உள்ளேயிருந்து தெரியும். பகலில் லேத், சாயங்காலம் இந்த ஊர் கேபிள் டிவியில் பத்து நிமிடச் செய்தி. நாலு வருஷம் வாசித்தேன். சட்டையும் டையும் மட்டும்தான் டிவியில் தெரியும். மேஜைக்குக் கீழே கம்பெனி காக்கிப் பேண்ட்தான் இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தப்பு சின்னது. ஒரு எழுத்து மாறின தப்பு. ஆனா இருபது வருஷமா அது என்னை விடல.

2004 நவம்பர் 5. அன்றைக்கு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஆந்திராவில் தாழ்த்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை நாலு பிரிவாகப் பிரித்துப் போட்டிருந்த சட்டம் செல்லாது என்ற தீர்ப்பு. சின்னையா வழக்கு என்று சொல்வார்கள். உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் கடைசியில் நாலு வரி வெளியூர்ச் செய்தி வாசிப்பது எங்கள் வழக்கம். ஆங்கிலத்தில் வந்ததை ஒருத்தர் தமிழில் எழுதித் தருவார். அவர் எழுதித் தந்ததை நான் வாசித்தேன்: 'ஆந்திராவில் மாலா, மாடிகா ஆகிய சாதியினரிடையே...'

வீட்டுக்குப் போனேன். அம்மா டிவி பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அம்மா கேட்டாங்க: "எவர்ரா வாள்ளு?" யாருடா அவங்க என்று. "மாலாங்கறது பொம்பளப் புள்ள பேரு. மாடிகா யாரு, அவ புருஷனா? ரெண்டு பேருக்கும் கோர்ட்ல என்ன சண்டை?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாங்க. "அம்மா, அது நம்மளத்தான் சொன்னது. மாதிக" என்றேன். அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. "மனமா?" என்றாங்க. நாமளா என்று. அப்புறம் சொன்னாங்க, "நம்ம பேரு உனக்கே சொல்ல வராதா?"

தோழர்களே, சொல்ல வராது என்பதில்லை. எனக்குச் சொல்ல வரும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சொல். அந்தக் காகிதத்தில் 'மாடிகா' என்று எழுதியிருந்ததைப் பார்த்த உடனே அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. திருத்தி வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. ஏன் என்றால், சரியாக வாசித்தால் அந்த அறையில் இருந்தவர்கள் 'இவனுக்கு எப்படி இது சரியாத் தெரியுது?' என்று ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடிக்குப் பயந்தேன். தப்பான உச்சரிப்புக்குள்ளே ஒளிந்துகொண்டேன். நான் இங்கே சொல்ல வந்ததன் பாதி இதுதான். மீதி, இது என் ஒருத்தனுடைய கோழைத்தனம் மட்டும் இல்லை என்பது.

முதலில் அந்த எழுத்து எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்தச் சொல்லில் வருவது பல்லில் நாக்குப் படுகிற 'த'. நம் தமிழில் 'மாதிக' என்று எழுதிவிட்டு, 'மாதம்', 'அதிகம்' என்று வாசிக்கிற மாதிரி இயல்பாக வாசித்தால் போதும். சொல் தொண்ணூறு சதம் சரியாக வந்துவிடும். தமிழ் எழுத்துக்கு அந்தச் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பேர் நேராகத் தமிழுக்கு வருவதில்லை. பக்கத்து ஊர்க்காரன் பேர், பாகலூர்க்காரன் பேர், ஆனேக்கல்காரன் பேர், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் பேர், தில்லிக்குப் போய் இங்கிலீஷ் உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. இங்கிலீஷில் அந்த 'த'வுக்குத் தனி எழுத்துக் கிடையாது. அதே எழுத்து 'ட'வுக்கும் உண்டு. கடைசியில் நிற்கிற குறில் 'அ'வை நம்ம ஆட்கள் 'ஆ' என்று இழுத்துவிடுவார்கள். மாதிக, மாடிகா ஆகிவிட்டது. மால, மாலா ஆகிவிட்டது.

இதே ஊரில் 'ஹொலெய' என்ற பேரை எப்படி வாசிக்கிறார்கள்? 'ஹோலியா'. ஏதோ ஹோலிப் பண்டிகை கொண்டாடுகிற கூட்டம் மாதிரி. அந்தச் சொல் நமக்கு அந்நியமா? பழைய கன்னடத்துப் 'ப' பிற்காலத்தில் 'ஹ' ஆனது. நம்ம பால் அங்கே ஹாலு. நம்ம பத்து அங்கே ஹத்து. புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அதே கணக்கில் நம்ம புலையர்தான் அங்கே ஹொலெயர். தீட்டு என்ற பொருளில் 'புலை'யிலிருந்து வந்தது என்று சாதி இந்து அகராதி சொல்லும். 'புலம்' என்றால் வயல், கன்னடத்தில் 'ஹொல' என்றால் வயல், ஆகவே நாங்கள் மண்ணுக்குரியவர்கள் என்று அந்த மக்களில் பலர் சொல்வார்கள். எது சரி என்று மொழி அறிஞர்கள் சண்டை போடட்டும். 'ஹோலியா' என்று வாசித்துவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. புலையரும் ஹொலெயரும் ஒரே சொல், ஒரே உழைப்பு, ஒரே சேரி என்பது மறைந்துபோய்விடும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களுக்கு நடுவில் எல்லைக்கோடு போட்டார்கள். அது காகிதத்தில் போட்ட கோடு. நம்ம பேரை வாசிக்கிற வாய் அதே கோட்டை நமக்குள்ளேயும் போடுகிறது.

சரி, உச்சரிப்புத் தெரியாதது குற்றமா என்று கேட்கலாம். தெரியாதது குற்றமில்லை. யாருக்காகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், யாருக்காகக் கேட்பதில்லை, அதில்தான் சாதி இருக்கிறது.

ஒரு சம்பவம். நான் வாசித்த அதே இடத்தில், தளிப் பக்கம் ஒரு பெரிய நிலக்காரர் இறந்துபோனார். இரங்கல் செய்தி. அவர் பேரின் கடைசியில் 'கவுடா'வா, 'கௌடர்'ஆ, 'கவுடு'வா என்று எங்களுக்குள்ளே சந்தேகம். எங்கள் முதலாளி மூன்று இடத்துக்குப் போன் போட்டார். அந்த வீட்டுக்கே போன் போட்டு, "தப்பா வாசிச்சுட்டா மரியாதை கெட்டுடுங்க" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னை நாலு தடவை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். அந்த மரியாதையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. செத்தவர் பேரைச் சரியாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே மாதம் கெலமங்கலம் ரோட்டில் லாரி அடித்துச் செத்த நம்ம ஆள் ஒருத்தர் செய்தி வந்தது. பேர் ஹனுமந்தப்பா. 'அனுமந்தன்' என்று எழுதியிருந்தது. 'அப்பா' போய் 'அன்' வந்துவிட்டது. "போலீஸ் ஸ்டேஷன்ல அப்படித்தான் கொடுத்தாங்க" என்றார்கள். யாரும் யாருக்கும் போன் போடவில்லை.

இந்த 'ன்', 'ர்' விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தமிழில் ஒரு எழுத்துதான் மனுஷனை உட்கார வைக்கிறது, ஒரு எழுத்துதான் நிற்க வைக்கிறது. முதலியார், ரெட்டியார், செட்டியார், கவுண்டர். எல்லாம் 'ர்'. 1950-இல் போட்ட அட்டவணை ஆணையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் நம்ம பேர்கள்: பறையன், பள்ளன், சக்கிலியன், வள்ளுவன். அரசாங்கமே 'அவன் இவன்' என்று எழுதி வைத்திருக்கிறது. நம்ம முன்னோர் இதைப் பார்த்துச் சும்மா இருந்தவர்கள் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடிக்கிறாயோ அந்தச் சொல்லையே தலைப்பில் போட்டு விற்கிறேன், காசு கொடுத்து வாங்கிப் படி என்றார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். 1922-இல் சென்னைச் சட்டசபையில் பறையன், பஞ்சமன் என்ற பேர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஒருத்தர் பழைய பேரை நிமிர்த்தினார், ஒருத்தர் புதுப் பேரைக் கொடுத்தார். இரண்டும் போராட்டம்தான்.

ஆந்திராவில் 1994 ஜூலையில் பிரகாசம் மாவட்டத்தில் ஈதுமூடி என்ற ஊரில் மாதிக தண்டோரா இயக்கம் தொடங்கியது. தண்டோரா என்றால் நம்ம பறை. அதைத் தொடங்கிய மந்த கிருஷ்ணா தன் பேருக்குப் பின்னால் 'மாதிக' என்று சேர்த்துக்கொண்டார். ரெட்டி என்றும் சௌத்ரி என்றும் பேருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்கிற நாட்டில், இவர்களும் போட்டுக்கொண்டார்கள். விளைவு என்ன? தினமும் சாயங்காலம் டிவியில் அந்தப் பேரைச் சொல்லியே ஆகவேண்டும். தெலுங்குச் செய்தியில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல வைத்தது பயிற்சிக்கூடம் இல்லை, இயக்கம். இதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

அட்டவணையில் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்பது வெறும் மான அவமானம் மட்டும் இல்லை, சோறும்கூட. என் குடும்பத்தையே சொல்கிறேன். ஒரே தாத்தாவுக்குப் பிறந்த பிள்ளைகள். பெரியப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாத்தியார் 'சக்கிலியன்' என்று எழுதினார். என் அப்பாவுக்கு 'மாதிகா' என்று எழுதினார் வேற வாத்தியார். சித்தப்பா எல்லையோரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார், அவருக்கு 'ஆதி கர்நாடகா'. ஒரே வீடு, மூணு சாதி! 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு 3 சதவீதம் வந்தது. அதில் ஏழு பேர்கள் இருக்கின்றன: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா. ஆதி கர்நாடகா அதில் இல்லை. பெரியப்பா பேரன் அந்த 3 சதவீதத்தில் விண்ணப்பம் போட்டான். சித்தப்பா பேரனால் போட முடியவில்லை. "அண்ணனுக்கு உண்டாம், எனக்கு இல்லையாம், நான் யாரு மாமா?" என்று என்னிடம் கேட்டான். அறுபது வருஷத்துக்கு முந்தி ஒரு வாத்தியாருக்கு எது காதில் விழுந்ததோ, எதை எழுதச் சோம்பலாக இருந்ததோ, அது இன்றைக்கு ஒரு பையனுடைய சீட்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என் அக்கா இருக்கிறாள், ஆனேக்கல் தாலுக்காவில். கர்நாடகத்தில் ஆதி கர்நாடக, ஆதி திராவிட என்ற பேருக்குள்ளே ஹொலெயரும் இருக்கிறார்கள், மாதிகரும் இருக்கிறார்கள். 2025-இல் நாகமோகன் தாஸ் ஆணையம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. கணக்கெடுக்க வந்தவர் அக்காவிடம், "ஆதி கர்நாடகன்னா சரி, மூலச் சாதி என்ன?" என்று கேட்டார். அக்கா வாடகை வீட்டில் இருக்கிறாள். மாடியில் வீட்டுக்காரர். அக்கா மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, காதோடு சொல்கிற மாதிரிச் சொன்னாளாம். பெங்களூருக்குப் பக்கத்திலே, 2025-இல். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் வீடு போகும். சொல்லாமல் விட்டால் இடஒதுக்கீட்டில் பங்கு போகும். டிவியில் அந்தக் கணக்கெடுப்பைப் பற்றி நாள்பூராவும் விவாதம் நடந்தது. அங்கே பேசியவர்களுக்கு மாடியில் வீட்டுக்காரர் இல்லை.

சட்டமும் இந்த முடிச்சை இன்னும் இறுக்கித்தான் வைத்திருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தப்படி, பொதுப் பார்வையில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டினால் குற்றம். சரியான சட்டம், நமக்கு வேண்டிய சட்டம். ஆனால் அதே பேர் சான்றிதழில் கட்டாயம். ஒரே சொல் தெருவில் குற்றம், தாலுக்கா ஆபீசில் தகுதி. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்தி வாசிக்கிறவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் என்ன செய்கிறான்? இரண்டு வழி. ஒன்று, பேரைச் சிதைத்து வாசிக்கிறான். இன்னொன்று, பேரையே விட்டுவிடுகிறான். இரண்டாவது வழி முதலாவதைவிட மோசம்.

'இரு தரப்பினரிடையே மோதல்.' 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.' 'மாற்றுச் சமூகப் பெண்.' இதெல்லாம் நான் வாசித்த வாக்கியங்கள். 2012 நவம்பர் 7 அன்று நம்ம பக்கத்து மாவட்டம் தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்று குடியிருப்புகளை எரித்தார்கள். எரிந்தது ஒரு பக்கத்து வீடுகள் மட்டும். அதற்கும் டிவியில் 'மோதல்' என்று பேர். ஒருத்தன் வீடு எரிகிறான், இன்னொருத்தன் எரிக்கிறான், இதில் மோதல் எங்கே வந்தது? 'தரப்பு' என்ற சொல் தராசு மாதிரி. இரண்டு பக்கத்தையும் சமமாகக் காட்டும். எரித்தவன் சாதி வெளியே தெரியாது. செத்தவன், எரிந்தவன், ஓடினவன் சாதி மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், 'காலனி' என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா! வெள்ளைக்காரன் குடியேறிய இடத்துக்கு வைத்த அந்தச் சொல் இங்கே வந்து சேரிக்கு இன்னொரு பேர் ஆனது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போகட்டும். நாக்கிலிருந்து எப்போது போகும்?

'தலித்' என்ற சொல்லுக்கும் அதே கதி வந்தது. 2018 ஆகஸ்டில் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, 'தலித்' என்று சொல்வதைத் தவிர்க்கவும், 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்று சொல்லவும் என்று. நமக்கு நாமே வைத்துக்கொண்ட பேர், நம்ம இயக்கம் வைத்த பேர் அது. அட்டவணை என்பது வரிசை எண், தலித் என்பது நிலைபாடு. வரிசை எண்ணைச் சொல்லு, நிலைபாட்டைச் சொல்லாதே என்கிறார்கள்.

அதே 2018-இல், மூணு மாசம் கழித்து, நவம்பரில், இந்த ஓசூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் காணாமல் போனார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பையன் நம்ம பையன். உடல்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், மண்டியா மாவட்டத்தில், காவிரியில் கிடைத்தன. பேர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு வாரம் எல்லா டிவியும் அந்தப் பேர்களைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது. வீட்டார் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பையன் போட்டிருந்த சட்டையில் அம்பேத்கர் படம் இருந்தது. அந்தச் சட்டைதான் போலீசுக்கு அடையாளம் கண்டுபிடிக்க உதவியது என்று அப்போது செய்தி வந்தது. கன்னடக்காரப் போலீஸ், தமிழ்நாட்டுப் பையன், யாருக்கும் யாரையும் தெரியாது. பாபாசாகேப் முகம்தான் அந்தப் பையன் யார் என்று சொல்லியது. உயிரோடு இருக்கிறபோது 'மாற்றுச் சமூகம்' என்று பேரில்லாமல் வைத்திருந்தவனை, செத்த பிறகு அந்தச் சட்டை பேர் சொல்லி அழைத்து வந்தது.

அந்த நாட்களில் டிவியில் ஒன்றைக் கவனித்தேன். 'கௌரவக் கொலை' என்று வாசிப்பவர்கள் குறைந்து, 'ஆணவக் கொலை' என்று வாசிப்பவர்கள் கூடியிருந்தார்கள். அந்தச் சொல்லை யார் மாற்றினார்கள்? எந்த டிவி ஆசிரியரும் தானாக மாற்றவில்லை. கொலையில் என்னடா கௌரவம் என்று நம்ம இயக்கங்கள், பெண்கள் அமைப்புகள், இடதுசாரித் தோழர்கள் மேடைக்கு மேடை, துண்டறிக்கைக்குத் துண்டறிக்கை சொல்லிச் சொல்லி மாற்றினார்கள். ஆகவே வாயை மாற்ற முடியும். அதற்கு நம்மகிட்டே சாட்சி இருக்கிறது.

செய்தி வாசிப்பு என்பது சாதாரண விஷயம், அதைப் போய்ப் பெரிதாகப் பேசுகிறானே என்று நினைக்கவேண்டாம். 1994 அக்டோபரில் பெங்களூர் தூர்தர்ஷனில் பத்து நிமிடம் உருதுச் செய்தி தொடங்கினார்கள். அதற்கு எதிராகக் கிளப்பிவிட்ட கலவரத்தில் உயிர்கள் போயின. பத்து நிமிடச் செய்தி, அதுவும் எந்த மொழியில் என்பதற்காக! 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி அங்கே தமிழர்கள்மேல் கலவரம் நடந்தபோது, அடிபட்டு ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி ஓசூருக்குள் ஓடி வந்தவர்களைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். குடிசையில் இருந்தவனுக்குத்தான் அதில் அதிக அடி. தமிழன் என்று அடித்தார்கள். இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு அவன் தமிழனாக இருந்தானா? சேரியில்தான் இடம் கிடைத்தது. பேர் சொல்லி அடிக்கும்போது மொழி, சோறு போடும்போது சாதி.

இப்போது நம்ம பக்கம் திரும்புகிறேன். நாம் மட்டும் யோக்கியமா?

ஓசூர் சிப்காட்டில் இன்றைக்கு யார் வேலை செய்கிறார்கள்? பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்டு. உள்ளூர்ச் செய்தியில் 'வடமாநிலத் தொழிலாளி பலி' என்று வரும். பேர் வராது. நாம் டீக்கடையில் 'வடக்கன்' என்கிறோம். பார்த்தீர்களா, அங்கேயும் அந்த 'ன்'! நம்மை மிதித்த அதே எழுத்தை எடுத்து இன்னொருத்தன்மேல் வைக்கிறோம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்களே, அந்தப் பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள்? நாம் அவர்களிடம் பேர் கேட்டுப் பேசியிருந்தால் நம்பியிருப்பார்களா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு விடுதி இருக்கிறது. கம்பெனி வேலைக்கு வந்த ஜார்க்கண்டுப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். நிறையப் பேர் ஆதிவாசிகள். ஒரு நாள் அந்தப் பெண்களில் ஒருத்தி மளிகைக்கடையில் நின்றாள். கடைக்காரர் பேர் கேட்டு நோட்டில் 'ஓரான்' என்று எழுதினார். அந்தப் பெண் தலையை ஆட்டி, இல்லை என்று, மூக்கால் ஒரு மாதிரி 'உராவ்ங்' என்று சொன்னாள். கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா முகம் ஞாபகம் வந்தது. அரைகுறை இந்தியில் நானே பேச்சுக் கொடுத்தேன். 'உராவ்ங்' என்பதுகூட வெளியே இருந்து வைத்த பேர், எங்கள் மொழியில் நாங்கள் குடுக் என்றாள்.

தோழர்களே, அந்தக் குடுக் மொழி திராவிட மொழி. நம்ம தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் சொந்தக்கார மொழி. அதில் 'நான்' என்பதற்கு 'ஏன்'. 'நீ' என்பதற்கு 'நீன்'. உன்னையும் சேர்த்துக்கொள்ளாமல் 'நாங்கள்' என்று சொல்ல 'ஏம்'. உன்னையும் சேர்த்துக்கொண்டு சொல்ல 'நாம்'. அப்படியே 'நாம்'! தெலுங்கில் அதே 'மனம்'. என் அம்மா அன்றைக்கு 'மனமா?' என்று கேட்டதும் அதே சொல்தான். என்னையும் சேர்த்துத்தான் கேட்டாங்க. நான்தான் அன்றைக்கு அதற்குள்ளே நிற்கவில்லை.

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து நம்ம தெருவில் நிற்கிற பெண் வாயில் 'நாம்' இருக்கிறது. அவளை 'வடக்கு' என்று சொல்லிவிட்டு, நாம் யாரிடம் போய் எங்கள் பேரைச் சரியாகச் சொல்லு என்று கேட்பது?

ஆகவே நடைமுறையாகச் சில சொல்லி முடிக்கிறேன். உள்ளூர்ச் சேனல்காரர்களை நாம் போய்ப் பார்க்கவேண்டும். கத்துவதற்கு இல்லை, ஒரு காகிதம் கொடுப்பதற்கு. நம்ம பகுதியில் இருக்கிற மக்கள் பேர்களை, மாதிக, மால, ஹொலெய, இருளர், குறும்பர் என்று, அந்தந்த மக்கள் சொல்கிறபடி எழுதி, 'ர்' போட்டு, ஒரு பக்கத்தில் கொடுக்கவேண்டும். தெரியாவிட்டால் போன் போடு, நிலக்காரர் வீட்டுக்குப் போட்ட மாதிரி எங்கள் வீட்டுக்கும் போடு என்று கேட்கவேண்டும். தாக்கப்பட்டவன் சாதியைச் சொன்னால் தாக்கியவன் சாதியையும் சொல்லு, இல்லையென்றால் இரண்டையும் விடு என்று கேட்கவேண்டும். நம்ம பிள்ளைகள் கேமரா முன்னாலும் பின்னாலும் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் மட்டும் போதாது. நான் உட்கார்ந்தேனே, என்ன ஆயிற்று? பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நம்ம ஆட்கள் இருந்திருந்தால் நான் அன்றைக்குச் சரியாக வாசித்திருப்பேன். தனியாக ஒருத்தனை உட்கார வைத்தால் அவன் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பான்.

2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய சின்னையா தீர்ப்பு செல்லாது என்றது. உள் ஒதுக்கீடு செய்யலாம் என்றது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சேனலில் வாசித்தார்கள். 'மாடிகா.' இருபது வருஷம், அதே எழுத்து. அம்மா இப்போது இல்லை. பக்கத்தில் என் மக உட்கார்ந்திருந்தாள். டிவியைப் பார்த்து, சத்தமா, வீதிக்குக் கேட்கிற மாதிரி, "மாடிகா இல்லைங்க, மாதிக!" என்றாள்.

அந்தச் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போனது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை.

ஜெய்பீம்.